ஒப்பம் வைக்காத மருமகன்

அன்று மத்தியானம் என் சோற்றில் மீன் இல்லை.

வாவியில் மீன் படாத நாள் அல்ல அது. காலையில் வாசல் படலையடியில் மீன்காரரின் சைக்கிள் மணி கேட்டது. மாமி மணலை மீன் வாங்கினார். செதில் சீவும் சத்தம் கேட்டது. தேங்காய்ப்பாலும் புளியும் சேர்ந்து கொதித்த வாசம் லெப்டொப் வரைக்கும் வந்து, என்னை இரண்டு தடவை கதிரையை விட்டு எழுப்பியது. ஆனால் பீங்கானில் வந்து விழுந்தது சோறும், ஆணம் என்று நாங்கள் சொல்லும் குழம்பும் மட்டும்தான். ஆணத்துக்குள் விரலை விட்டுத் துழாவினேன். ஒரு முருங்கைக்காய்த் துண்டு அகப்பட்டது.

"மாமி, மீன்?"

"பூனை கொண்டு போயிற்று, மருமகன்."

எங்கள் வீட்டில் பூனை இல்லை.

மாமி 'மருமகன்' என்று சொன்னதையும் கவனியுங்கள். மனம் குளிர்ந்திருந்தால் நான் அவருக்கு 'மனே'. மகனே என்பது எங்கள் பக்கத்து வாயில் அப்படித்தான் சுருங்கும். அப்போது நீ, வா, போ எல்லாம் வரும். கோபம் வந்தால் மருமகன் ஆகிவிடுவேன், 'நீங்க' போட்டுக் கதைப்பார். மரியாதை கூடக் கூட மீன் குறையும்.

மாமி எனக்கு எதிரே வந்து நின்றார். கையில் அகப்பை இருந்தது.

"ஒண்டு கேக்கன், கோவிக்காதீங்க. என்ட மகளுக்கு ஒரு ஒப்பம் வைச்சா உங்கட கை தேஞ்சு போகுமா?"

என்ன ஒப்பம்?

இந்தத் தொடரை முதலிலிருந்து வாசிப்பவர்களுக்கு என் தொழில் தெரியும். போன கிழமை ஒரு வாசகர், 'நீங்கள் உண்மையில் என்னதான் செய்கிறீர்கள்?' என்று கேட்டு எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. என் மாமியும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நான் கணினிக்கு நிரல் எழுதுகிறவன். அதைவிடக் கூடுதலாக, மற்றவர்கள் எழுதிய நிரலில் பிழை பிடிக்கிறவன். இரண்டாவது வேலையில் எனக்கு வெளியே கொஞ்சம் பேர் உண்டு. வீட்டிலும் உண்டு. அது வேறு மாதிரியான பேர்.

என் மனைவி வதனிக்கும் இதே தொழில். என்னைவிடக் கெட்டிக்காரி. நகரத்தில், ஒரு புடவைக்கடை மாடியில் இருந்த சிறிய கம்பனியில்தான் நாங்கள் இருவரும் வேலைக்குச் சேர்ந்தோம். நான் எழுதிய முதல் நிரலைச் சரி பார்த்தவள் அவள். பக்கம் முழுவதும் திருத்தம் போட்டுவிட்டுக் கடைசியில் 'எழுத்து விளங்குகிறது' என்று ஒரு வரி எழுதியிருந்தாள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் நான் கலியாணம் வரை போனேன்.

ஒரு வருசத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவள் ஜேர்மனிக்குப் போனாள். வீதிகளிலும் பாலங்களிலும் பூட்டுகிற கமெரா செய்யும் ஒரு சிறிய நிறுவனம். தற்காலிக வேலை. எங்கள் மகள் இங்கே என்னோடும் மாமியோடும் இருக்கிறாள்.

அவள் இருந்தபோது மின்விசிறிக்காகத் தினமும் சண்டை நடக்கும். அவளுக்கு அது ஒன்றில் சுற்ற வேண்டும். எனக்கு ஐந்தில். இப்போது முழு ஆட்சியும் என்னிடம். மின்விசிறி ஒன்றில்தான் சுற்றுகிறது.

அந்தக் கமெராக்களில் ஒரு தொல்லை இருந்தது. பதிவு தொடங்குமுன், படம் சேர வேண்டிய கோப்பைப் பெரிதாக நீட்ட வேண்டும். நீட்டி முடிய நெடுநேரம் எடுத்தது. வதனி அதற்கு வழி கண்டுபிடித்தாள். ஆனால் கமெராவுக்குள் கோப்புகளை வைத்துப் பராமரிக்கும் நிரல் யாருக்கும் சொந்தமில்லாத பொது நிரல். பல நாட்டு ஆட்கள் மின்னஞ்சல் குழு ஒன்றில் பகிரங்கமாக விவாதித்து எழுதுவது. யார் மாற்றம் கொடுத்தாலும் விசயம் தெரிந்த இன்னொருவர் வரி வரியாக வாசித்து, 'பார்த்தேன், சரி' என்று பெயர் போட வேண்டும். மாமி சொன்ன ஒப்பம் அதுதான்.

அந்தப் பகுதியில் விசயம் தெரிந்த ஆள் யார் என்று தேடினார்கள். என் கெட்ட காலம், நான்தான்.

குழுவின் தலைவருக்கு எழுதினேன்: 'அவர் என் மனைவி. நான் பார்ப்பது முறையா?' பதில் உடனே வந்தது: 'கணவன் என்றால் இன்னும் கூடுதலாகப் பிழை பிடிப்பீர்கள். தாராளமாகப் பாருங்கள்.' அவரும் கலியாணம் முடித்தவராகத்தான் இருக்க வேண்டும்.

இனிமேல்தான் சங்கதி. பொது நிரலில் மாற்றங்களைச் சில மாதத்துக்கு ஒரு சுற்றாகத்தான் ஏற்பார்கள். அந்த மாற்றம் அந்தச் சுற்றிலேயே ஏற்கப்பட்டால் வதனிக்கு வேலை நிரந்தரமாகும் என்று நிறுவனம் சொல்லியிருந்தது. நிரந்தரமானால் என்னையும் மகளையும் அங்கே கூப்பிடலாம். அவள் ஒப்பத்துக்காகக் காத்திருந்தாள். நான் அவளுக்காகக் காத்திருந்தேன்.

வீடு யாருடையது

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மகள் பிறந்த நாளிலிருந்தே தகப்பன் கல்லும் மண்ணும் சேர்க்கத் தொடங்குவார். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து சேருவார். பெண்ணின் தாய் தகப்பன் முன்வீட்டை விட்டுக் கொடுத்துவிட்டு அடுக்களைப் பக்கமாக ஒதுங்குவார்கள். அப்படித்தான் நானும் வெல்லாவெளியிலிருந்து கல்லடிக்கு வந்தேன்.

வெல்லாவெளியில் நான் பிறந்த வீடு இப்போது என் தங்கச்சியுடையது. அங்கே போனால் என்னை முன் அறையில் இருத்தி, தட்டில் விசுக்கோத்து அடுக்கிக் கொண்டுவந்து வைப்பாள். விருந்தாளிக்கு வைக்கிற அதே தட்டு. நான் மாங்காய் களவெடுத்துத் தின்ற வீட்டில் எனக்கு விசுக்கோத்து!

ஆக, பிறந்த வீடு தங்கச்சிக்கு. இருக்கிற வீடு வதனிக்கு. வதனி ஜேர்மனியில். பெண்சாதி இல்லாத பெண்சாதி வீட்டில், அவளுடைய கூரைக்குக் கீழே, அவளுடைய மேசையில் இருந்து, அவளுடைய தாய் சமைத்ததைத் தின்றுகொண்டு, அவளுக்கு ஒப்பம் வைக்காமல் இருந்தவன் நான். மாமியின் பக்கத்திலிருந்து பார்த்தால் மீனை நிறுத்தியது பெரிய குற்றமில்லை.

வேலியடி

நான் கண்ட பிழையைச் சொல்கிறேன். பயப்பட வேண்டாம், மாமிக்கே விளங்கியது.

கணினியில் ஒரு கோப்பை அழித்தால் அது அழிவதில்லை. அது கிடந்த இடத்தைக் 'காலி' என்று குறித்து வைப்பதோடு சரி. எழுதியது அப்படியே இருக்கும். பிறகு வேறொரு கோப்பு வளர்ந்து அந்த இடத்துக்குள் வரும்போது பழைய ஆளின் சங்கதி வெளியே தெரியக்கூடாது. யாருடைய கலியாணப் படமோ, யாருடைய கடவுச்சொல்லோ. அதனால் கோப்பு நீளும்போது, நீண்ட பகுதி முழுவதையும் பூச்சியத்தால் நிரப்புவார்கள். கமெராக்களில் நேரம் போனது இதில்தான்.

வதனியின் வழி அழகானது. பூச்சியத்தை எழுதவே வேண்டாம். 'உண்மையாக எழுதியது இதுவரைக்கும்' என்று ஒரு கட்டையை ஊன்றிவிட்டால் போதும். கட்டைக்கு அப்பால் யார் வந்து வாசித்தாலும் 'பூச்சியம்' என்று சொல்லி அனுப்பிவிடலாம். வாசித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. லெப்டொப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். மகள் வந்து என்ன படம் ஓடுகிறது என்று எட்டிப் பார்த்தாள்.

கட்டையை ஊன்றிய இடத்தில்தான் சிக்கல்.

வளவில் முற்றத்தைக் கூட்டுவோம். வேலியடியை யார் கூட்டுகிறார்கள்? தேங்காய் மட்டை, மீன் செதில், உடைந்த பீங்கான் எல்லாம் அங்கேதான் ஒதுங்கும். ஒரு நாள் பக்கத்து வளவில் ஒரு துண்டு வாங்கி வேலியைத் தள்ளிப் போடுகிறோம் என்று வையுங்கள். புதிதாக வாங்கிய துண்டை ஆள் பிடித்துத் துப்புரவாக்குவோம். பழைய வேலியடி? அது இப்போது முற்றத்தின் நடுவில் கிடக்கும், குப்பையோடு.

கோப்புக்கும் வேலியடி உண்டு. கணினி இடத்தைக் கட்டம் கட்டமாகத்தான் கொடுக்கும். கோப்பு கடைசிக் கட்டத்தின் பாதியில் முடிந்தால் மிச்சப் பாதி சும்மா கிடக்கும். சில நிரல்கள் எல்லை தாண்டி அங்கே எதையாவது கொட்டிவிட்டுப் போகும். கோப்பு நீளாதவரை யார் கண்ணிலும் படாது. வதனி கட்டையைக் கோப்பு முடிந்த இடத்தில் ஊன்றவில்லை. கட்டம் முடிந்த இடத்தில் ஊன்றியிருந்தாள். கொஞ்சம்தான் தள்ளி.

நான் ஒரு சின்னச் சோதனை எழுதினேன். கோப்பின் முடிவுக்கு அப்பால் 'திரளி மீன்' என்று எழுதிவிட்டுக் கோப்பை நீட்டி வாசித்தேன். வரிசையாகப் பூச்சியங்கள் வந்திருக்க வேண்டும். அவற்றுக்கு முன்னால் திரளி மீன் மிதந்து வந்தது.

அந்தக் கிழமை எனக்குக் கிடைத்த கடைசி மீன் அதுதான்.

உறைந்த குளம்

அன்றைக்கே வதனி அழைத்தாள். அவளுக்குக் காலை, எங்களுக்கு மத்தியானம். எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. மாற்றத்தைப் பற்றிப் போனில் கதைப்பதில்லை. எதுவாக இருந்தாலும் குழுவில், எல்லோரும் வாசிக்க. அந்த வேலையின் வழமையே அதுதான். இரண்டு பேர் மறைவில் பேசி முடித்தால், நாளைக்கு வருகிற மூன்றாமவருக்கு ஏன் இப்படிச் செய்தார்கள் என்று தெரியாது. சட்டத்தைப் போட்டவளும் வதனிதான்.

"மச்சான், நேத்து ஒரு பள்ளிக்கூடம் போய்ப் பாத்தன். பின்னால ஒரு குளம் இரிக்கி. குளிருக்கு அது அப்பிடியே உறைஞ்சு போகுமாம். புள்ளையள் அதுக்கு மேல நடப்பாங்களாம்."

"பாத்து நடக்கச் சொல்லு."

"நம்மட புள்ளயச் சொல்லுறன். நம்மட புள்ளயும் நடக்கும்."

"ம்."

"ஏன் ஒரு மாதிரிக் கதைக்கிறீங்க?"

"வெக்கை."

பொய்யில்லை. வெக்கைதான். ஆனால் அதற்காக யாரும் அப்படிக் கதைப்பதில்லை.

போனை வைத்த பிறகு வாவிப் பக்கம் போய் நின்றேன். பேசாமல் பெயரைப் போட்டுவிட்டால் என்ன? அந்தக் குப்பை எத்தனையோ வருசத்துக்கு ஒருவர் கண்ணிலும் படாமல் கிடக்கலாம். அதற்குள் நான் ஜேர்மனியில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு குளத்துக்கு மேல் நடந்துகொண்டிருப்பேன். வதனி கரையில் நின்று, 'பாத்து, பாத்து' என்று கத்துவாள். அவள் கத்துவதைக் கேட்டு எத்தனை நாளாகிறது!

ஆனால் குப்பை வெளியே வரும் நாளில், யாருடைய ரகசியமோ யாருக்கோ தெரியும் நாளில், அந்த வரியை எழுதியவர் பெயர் என்ன என்று தேடுவார்கள். வதனியின் பெயர் வரும். எழுத்து விளங்குகிறது என்று எனக்கு எழுதியவளின் பெயர்.

எழுதினேன். 'வணக்கம் வதனி. இதை இப்படியே ஏற்க முடியாது. கடைசிக் கட்டத்தின் மிச்சம் துடைபடவில்லை. சோதனையை இணைத்திருக்கிறேன்.' ஆங்கிலத்தில் இன்னும் குளிராக இருந்தது.

அவளுடைய பதிலும் குழுவுக்கே வந்தது. 'நீங்கள் சொல்வது சரி. கவனித்ததற்கு நன்றி. திருத்தி அனுப்புகிறேன்.'

கலியாணம் முடித்து இத்தனை வருசத்தில் நான் சொன்னது சரி என்று அவள் எழுத்தில் தந்தது அதுதான் முதல் தடவை. கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்க வேண்டும். என்னால் அதை இரண்டாம் முறை வாசிக்கவே முடியவில்லை.

திருத்தம் ஒரு வரியில் முடியவில்லை. கட்டையை நகர்த்தினால் இன்னும் பல இடங்களைத் தொட வேண்டியிருந்தது. அதற்குள் அந்தச் சுற்றுக்கான காலம் முடிந்து கதவைச் சாத்திவிட்டார்கள். வதனி தாயிடம் சொல்லியிருக்கிறாள், 'அவர் ஒப்பம் வைக்கல்லம்மா' என்று.

மாமியின் தீர்ப்பு

இப்போது அகப்பையோடு நிற்கும் மாமியிடம் திரும்பி வருவோம்.

வேலியடிக் கதையை அவருக்குச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"அதுக்கென்ன? வேலியடியக் கூட்டச் சொன்னாக் கூட்டுவாள்தானே."

"அதத்தான் மாமி நானும் சொன்னன்."

"மறுகா ஏன் அத ஊருக்கெல்லாம் கேக்கக் கத்திச் சொன்ன நீங்க? வீட்டுக்குள்ள, காதுக்குள்ள சொல்லப்படாதா? பொண்சாதிட முற்றத்தில குப்பை கிடக்கு எண்டு படலையில நிண்டு கூவுற மாப்பிள்ளைய நான் இண்டைக்குத்தான் காணுறன்."

பொது நிரல் பற்றியும் மூன்றாமவர் பற்றியும் நான் ஆரம்பித்தேன். மாமி அகப்பையைத் தூக்கி நிறுத்தினார்.

"உங்களுக்கு அங்க போக மனமில்ல. அதான் பிழை தேடுறீங்க."

"இல்ல மாமி."

"நம்மட வழமை என்ன மருமகன்? பொண்சாதி இரிக்கிற இடம்தான் மாப்பிள்ளைக்கு வீடு. அவள் ஜேர்மனில இரிக்காள். நீங்க இஞ்ச என்ன செய்யிறீங்க?"

மாமி என்னை வீட்டை விட்டுப் போகச் சொல்லவில்லை. வழமையைத்தான் எடுத்துச் சொன்னார். முருங்கைக்காயைச் சப்பிக்கொண்டிருந்தேன். அதில் சதை முடிந்து நெடுநேரமாகியிருந்தது.

கதை சந்திக் கடைக்கும் போய்ச் சேர்ந்தது. கடைக்காரர் நசீர் நானா காத்தான்குடி ஆள். சீனியை நிறுத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"என்ன தம்பி, வீட்டுக்காரிக்கே ஒப்பம் வைக்க மாட்டன் எண்டீங்களாம்?"

"அது வேற மாதிரி ஒப்பம் நானா."

"எல்லா ஒப்பமும் ஒண்டுதான் தம்பி. அரசாங்கக் கச்சேரில எனக்கு வைக்க வேண்டிய ஆளும் இப்பிடித்தான் சொல்லுவார். வதனி மச்சிட்ட என்ன எதிர்பாக்கிறீங்க? ஒரு சொக்லட் பெட்டி? சொல்லுங்க, நான் கதைச்சு முடிச்சுத் தாறன்."

சீனியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவள் கேட்டது

சில நாள் வதனி தாயோடும் மகளோடும் மட்டும் கதைத்தாள். போன் கை மாறி என்னிடம் வரும்போது வேலைக்கு நேரமாகியிருக்கும். பிறகு ஒரு நாள் நேரே என்னைக் கூப்பிட்டாள். வீடியோவில் முகம் கொஞ்சம் மெலிந்திருந்தது.

"மெய்யச் சொல்லுங்க மச்சான். உங்களுக்கு வர விருப்பமில்லையா?"

"வதனி, நீ எழுதின கோட்ல பிழை இருந்திச்சு."

"பிழை இருந்திச்சு. நான்தானே அதத் திருத்துறன். நான் கேட்டது அத இல்ல."

ஆயிரம் சொல்லலாம். நான் பகிடி விடுகிறவன், வாய் ஓயாதவன், இந்தத் தொடரை எழுதிக் காசு வாங்குகிறவன். போனைச் சீனிப் பேணியில் சாத்திவைத்துவிட்டு அறைக்குள் போனேன். அலுமாரியின் அடித்தட்டில், அவளுடைய பழைய சேலைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பையை இழுத்தெடுத்தேன்.

சந்தையில் பழைய உடுப்புக் குவியலில் பொறுக்கிய குளிர்ச் சட்டை அது. உள்ளே பஞ்சு, தலைக்கு மூடி, மூடியைச் சுற்றி ஏதோ மிருகத்தின் மயிர். ஒரு கை மற்றக் கையைவிடக் கொஞ்சம் நீளம். போட்டுக்கொண்டு, சிப்பைக் கழுத்துவரை இழுத்து, மூடியையும் தலையில் போட்டுக்கொண்டு போனுக்கு முன்னால் வந்து இருந்தேன். வெளியே தென்னோலை ஆடாத வெயில்.

மகள் ஓடி வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்பா, காய்ச்சலா?"

வதனி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, மேசையில் குனிந்து, திரையில் தலைமயிர் மட்டும் தெரியுமளவுக்குச் சிரித்தாள். நிமிர்ந்தபோது சிரிப்பு இல்லை.

"எப்ப வாங்கின நீங்க?"

"நீ போன அந்த மாசமே."

"போட்டுப் பாத்தீங்களா?"

"இடைக்கிட."

வியர்வை என் கண்ணுக்குள் இறங்கியது. நல்லதாகப் போயிற்று, எது வியர்வை என்று அவளுக்குத் தெரியாது.

"கழட்டுங்க மச்சான். அவிஞ்சு போவீங்க."

"கொஞ்சம் இரி. இன்னும் கொஞ்சம் போட்டிருக்கன்."

அடுத்த சுற்று

சில மாதம் கழித்து அடுத்த சுற்று வந்தது. வதனி புதிதாக எழுதி அனுப்பியதை வரி வரியாக வாசித்தேன். திரளியைப் போட்டுப் பார்த்தேன், வரவில்லை. இறால், நண்டு, வாவியில் உள்ள எல்லாவற்றையும் வேலியடியில் கொட்டிப் பார்த்தேன். பூச்சியம், பூச்சியம், பூச்சியம். பெயரைப் போட்டேன். தலைவரும் ஏற்றுக்கொண்டார்.

நிறுவனம் அவளைப் பாராட்டி, தற்காலிக வேலையை இன்னும் அரை வருசத்துக்கு நீட்டியது. நிரந்தரம் பற்றிப் பிறகு பார்ப்போம் என்றார்கள். போனில் இதைச் சொன்னபோது வதனியின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. என்னுடையதும் சாதாரணமாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் நல்ல கெட்டிக்காரர்.

அடுத்த நாள் விடிய மாமி என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மஞ்சள் பிடித்த விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"ஒப்பம் வைச்சிற்றியாம். காட்டு பாப்பம்."

திரையில் அந்தப் பதிவைத் திறந்து காட்டினேன். ஆங்கில எழுத்து அவருக்கு வாசிக்கத் தெரியாது. குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இதில என்ட மகள் எங்க?"

வதனியின் பெயரைக் காட்டினேன்.

"நீ?"

"கீழ, மாமி. அடுத்த வரி."

"கீழதான் இரிக்கிறியா? சரியான இடம்தான்." விரலை வதனியின் பெயரில் வைத்து, அப்படியே கீழே இழுத்து என் பெயரில் நிறுத்தினார். "இதப் பிறகு ஆரும் அழிச்சிருவாங்களா?"

"இல்ல மாமி. இத ஒருத்தராலயும் அழிக்க ஏலா."

விரலை எடுக்காமலே நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பேர் ரெண்டும் சேந்திற்று," என்றார். "ஆக்கள் எப்ப மனே?"

ஜேர்மனியில் இன்னும் விடிந்திருக்கவில்லை.